களைப்பு ஒழிப்பு வட்டம்

"க்ர்ஹும்!"

ஈரத் துணியைக் கிழித்தாற்போன்ற அந்தக் கனைப்பு பத்மாவதியின் காதில் இன்றும் இருக்கிறது. அது கேட்டால், பினாங்கில் அவள் வேலை பார்த்த அரசாங்க இலாகாவின் மேலதிகாரி ஸ்ரீஸ்கந்தராஜா பேசப் போகிறார் என்று பொருள்.

எண்பதுகளின் தொடக்கம். எல்லோரும் கிழக்கே பாருங்கள் என்று மேலிடம் சொல்லியிருந்தது. ஸ்ரீஸ்கந்தராஜா விமானம் ஏறி ஜப்பானையே பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் ஒரு தர வட்டம் அமைத்தார். ஊழியர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒரு பிரச்சினையைத் தீர்க்க வேண்டும். வட்டம் தயார், நாற்காலிகள் தயார். பிரச்சினைதான் கிடைக்கவில்லை. தங்களிடம் பிரச்சினை உண்டு என்று ஒப்புக்கொள்ள எந்தப் பிரிவும் முன்வரவில்லை.

"நம்ம பத்மாவதி அக்கா இருக்காங்களே சார்," என்றாள் தட்டெழுத்தாளர் நூர்ஜான். "பிள்ளை பெத்து லீவுல இருக்காங்க. தூக்கமே இல்லையாம், பாவம்."

வட்டம் மகிழ்ந்தது.

பத்மாவதியின் நிலை உண்மையில் மோசம். குழந்தை மார்பில் இருந்தால் தூங்கும், தொட்டிலில் போட்டால் விழிக்கும். மைலோ பானத்தில் அவள் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் குடித்து, வித்தியாசம் தெரியாமல் இருந்தாள். கணவன் ஆனந்தராஜா காலையில் பெர்ரிப் படகு ஏறி பட்டர்வொர்த் ரயில்வே ஆபீசுக்குப் போவான். மாலையில் கவலை தோய்ந்த முகத்தோடு திரும்புவான். அவனால் ஆனது அதுதான். இன்னும் இரண்டு வாரத்தில், ஒரு திங்கட்கிழமை, லீவு முடிகிறது. அதற்குள் ஒரு முழுத் தூக்கம். வேறு வரம் எதையும் அவள் கேட்கவில்லை.

ஒரு பிற்பகல், குழந்தை கண் மூடிற்று. பத்மாவதியும் தலை சாய்த்தாள். வாசலில் கேட்டது: "க்ர்ஹும்!"

ஸ்ரீஸ்கந்தராஜா, நூர்ஜான், பலகையைத் தூக்கிக்கொண்டு தலைமை எழுத்தரான பெரிய கிராணி அப்துல் ஹமீது.

"எழும்ப வேண்டாம் பத்மாவதி. உங்கள் ஓய்வை ஆராயத்தான் வந்திருக்கிறோம்."

"ஒரு டீயாவது குடிக்காம எப்படி சார்?" என்றது அவளுடைய வாய், அவளைக் கேட்காமலே.

"வேணாம்லா தங்கச்சி," என்றார் ஹமீது, நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டு.

பிள்ளை பார்க்க வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பும் பழக்கம் அந்த வீட்டுக்கு இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குடிக்காமல் போகும் பழக்கம் வந்தவர்களுக்கும் இல்லை. தேநீர் வந்தது. குழந்தையும் விழித்து வீறிட்டது.

பலகையில் ஒரு மீன் முள் வரையப்பட்டது. மூலகாரணம் கண்டுபிடிக்கும் ஜப்பானிய முறையாம்.

"களைப்புக்கு மூலகாரணம்?" என்று கேட்டார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"பிள்ளை, சார்."

"நீக்க முடியுமா?"

ஹமீது ஆழ்ந்து யோசித்தார். "பிறப்புப் பதிவு வேற இலாகா சார். நமக்கு அதிகாரம் இல்லை."

"அப்படியானால் பால் குடிப்பதை அலுவலக நேரத்துக்குள் ஒழுங்குபடுத்துவோம். சம்பந்தப்பட்ட தரப்புக்கு அறிவித்தாயிற்றா?"

"பாப்பாவுக்கா சார்?"

"அறிவிக்காமல் எப்படி அமலாகும்?"

ஸ்ரீஸ்கந்தராஜா எழுந்து, பத்மாவதியின் தோளில் கிடந்த குழந்தையின் எதிரே முறைப்படி நின்றார். "க்ர்ஹும்! மேற்குறித்த விஷயம் தொடர்பாக, தங்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படுவது யாதெனில்..."

குழந்தை அழுகையைப் பாதியில் நிறுத்தி அவரைப் பார்த்தது. 'யாதெனில்' முடியுமுன் இமை தாழ்ந்தது. ஹமீதின் தலை மேசையில் சாய்ந்தது. நூர்ஜான் மீன் முள்ளில் சாய்ந்தாள். பத்மாவதி குழந்தையைத் தொட்டிலில் இட்டாள், அது விழிக்கவில்லை. பக்கத்தில் படுத்தாள்.

கண் திறந்தபோது வெயில் தரையை விட்டுச் சுவரில் ஏறியிருந்தது. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"கேள்வி ஏதும் உண்டா? இல்லை. ஏகமனதாக நிறைவேறியது."

"சார், இன்னும் சரியா விளங்கலே," என்றாள் பத்மாவதி. "நாளைக்கும் வந்து சொல்வீங்களா?"

அவருடைய உத்தியோக வாழ்வில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் கண் கலங்கிற்று.

தினமும் வந்தார். தேநீரை முன்கூட்டியே பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிட்டுப் பத்மாவதி தூங்கினாள். கன்னத்தில் சதை வந்தது. மைலோவில் சர்க்கரை திரும்பிற்று.

இப்படி வெற்றி கண்ட திட்டத்தை ஒரு வீட்டோடு நிறுத்துவது நியாயமா? இலாகா முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.

லீவு முடிந்த திங்கட்கிழமை, அடுத்த வீட்டு சபூராவிடம் குழந்தையை விட்டுவிட்டு பத்மாவதி வேலைக்குப் போனாள். காலையிலேயே கனைப்பு எழுந்தது. கிராணிகள் சாய்ந்தார்கள். கணக்குப் பிரிவு சாய்ந்தது. முகப்பில் காத்திருந்த பொதுமக்களும் பெஞ்சில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். ஒரு புகார் இல்லை. போதுமான அளவு தூங்கியிருந்த பத்மாவதி மட்டும் விழித்திருந்தாள். தொலைபேசி அடித்தது, அவள்தான் எடுத்தாள். கோப்புகள் வந்தன, அவள் மேசைக்குத்தான் வந்தன. பால் கட்டி ரவிக்கை நனைய, எல்லோருடைய வேலையையும் செய்து முடித்து வீடு போனால், குழந்தை விழித்துக்கொண்டு காத்திருந்தது.

ஆண்டிறுதியில் வட்டம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியது: "இலாகாவில் களைப்பு அறவே ஒழிந்துவிட்டது. ஒரே ஓர் ஊழியரிடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவர் ஒத்துழைக்கவில்லை."

அந்த அறிக்கைக்கு முதல் பரிசு கிடைத்தது. மேடையில் ஏற்புரை நிகழ்ந்தபோது கைதட்ட விழித்திருந்தவளும் பத்மாவதிதான்.

ஸ்ரீஸ்கந்தராஜா பதவி உயர்ந்து கோலாலம்பூருக்குப் போனார். ஓய்வு பெற்றபின் புக்கிட் மெர்தாஜாமில் மகள் வீட்டில் இருக்கிறார். அவருக்குத் தூக்கம் வருவதில்லை, மாத்திரை போட்டுக்கொள்கிறார்.