பூகம்பம் சாரும் வேட்டைக்குப் போன மாடனும்

பூமியை ஒரு நிமிடம்கூட நம்பாத மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருநெல்வேலியில் எங்கள் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர். பெற்றவர்கள் வைத்த பெயர் அறை வாசல் பலகையோடு சரி. எங்களுக்கெல்லாம் அவர் பூகம்பம் சார்.

நுழைவுச்சீட்டு கிழிக்கிற நான் ஒருநாள் கேட்டே விட்டேன். "சார், நம்ம ஊர்ல பூமி ஆடி யாரு பாத்திருக்கா?"

"ஆடவே மாட்டேன்னு அது உம்மகிட்ட சத்தியம் பண்ணிருக்கா வே?"

டவுன் பஸ் போனால் கண்ணாடி அலமாரியில் காதை வைத்துக் கேட்பார். டீக்கடையில் டம்ளரை மேசை விளிம்பிலிருந்து நடுவுக்குத் தள்ளுவார், அதுவும் பக்கத்திலிருப்பவர் டம்ளரை. வீட்டில் பீரோ, குத்துவிளக்கு, கிரைண்டர் எல்லாவற்றையும் சுவரோடு கட்டியிருந்தார். "இந்த வீட்டுல செவுத்தோட சேத்துக் கட்டாம விட்டது என்னைய மட்டுந்தான்" என்பார் அவர் மனைவி.

அருங்காட்சியகத்துப் பழம்பானைகளைக் கட்டுவதற்குத் தூத்துக்குடிக்குப் போய், மீன்பிடிச் சாமான் கடையில் தூண்டில் நரம்பு கேட்டாராம்.

"என்ன மீனுக்கு சார்?"

"மீனுக்கில்ல. கொற்கையில கெடச்ச பானைக்கு."

கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது ரொம்ப இழுக்குமோ?" என்று கேட்டாராம். முதுமக்கள் தாழிகள் சாயாதிருக்க அடியில் மணல் மூட்டை வைத்தார். ஆற்று மணலைத் தொட்டால் போலீஸ் வரும் என்று எம்-சாண்டாகப் பார்த்து வாங்கினார்.

இவ்வளவுக்கும் அவர் உயிர் இருந்தது ஒரே சிலையில்தான். சீவலப்பேரிப் பக்கம் வயலில் கிடைத்த, ஊர்க்காவல் தெய்வமான மாடனின் ஆள் உயரச் சிலை. இரண்டு கணுக்காலிலும் பழைய விரிசல். விழுந்தால் முட்டுக்குக் கீழே தூள்தான், ஒட்டவே முடியாது. ஆகவே அகலமான பட்டைகளால் இடுப்பிலும் மார்பிலும் இறுக்கிச் சுவரோடு பிணைத்துவிட்டார்.

மாடனுக்கு ஊர்க்காரர்கள் உண்டே! வருடாவருடம் கோயில் கொடை விழாவுக்கு முன்னால் மாலையோடு வந்து மாடனை அழைத்துவிட்டுப் போவார்கள். கொடை இரவில் மாடன் வேட்டைக்குப் போய்த் திரும்புவார் என்பது நம்பிக்கை. அந்த வருடம் வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மந்திரவாதிதான் சாமியைக் கட்டுவான் என்பது அவர்கள் கணக்கு.

"என்ன சார் பண்ணி வச்சிருக்கிய? கொடையன்னிக்கு வேட்டைக்குப் போவணும்லா? கட்டிப் போட்டா எப்படிப் போவாரு?" என்றார் பெரியவர் அண்ணாச்சி.

சார் சட்டம் பேசியிருக்கலாம். பேசவில்லை. மாடனையும் அண்ணாச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். "கொடைக்கு முன்னால அவுத்துருதேன். கொஞ்சம் பொறுங்க" என்றார்.

அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை மனிதருக்கு. கடைசியில் பட்டறையில் உட்கார்ந்து ஒன்றைச் செய்து கொண்டுவந்தார். நடுவில் குழிந்த இரண்டு இரும்புத் தட்டுகள், இடையே எஃகுக் குண்டுகள். அண்ணாச்சியை வரவழைத்து, சின்னதாக ஒரு மாதிரியை மேசைமேல் வைத்து, அதன்மேல் தளும்பத் தளும்ப ஒரு சொம்புத் தண்ணீரையும் வைத்தார்.

"மேசைய ஆட்டுங்க அண்ணாச்சி. பைய இல்ல, நல்லா!"

அண்ணாச்சி ஆட்டினார். மேசை குதித்தது. சொம்பு படகுபோல அப்படியும் இப்படியும் நகர்ந்து, பழைய இடத்துக்கே வந்து நின்றது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

"இது மேலதான் நிப்பாரு. கட்டு கெடையாது. பூமி ஆடுனா அவரு பாட்டுக்குப் போவாரு, திரும்பி வந்துருவாரு."

அண்ணாச்சி சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ சரி. போய்ட்டு வரட்டும்."

மாடனைத் தட்டின்மேல் ஏற்றி, பட்டைகளை அவிழ்த்தபோது சாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெற்ற பிள்ளையைக் கைவிட்டவர் மாதிரி இருந்தார். ஊர்க்காரர்கள் மாலை போட்டு, காலடியில் மஞ்சள்பொடி தூவிவிட்டுப் போனார்கள்.

கொடைக்குச் சில நாள் முன்பு, ஒரு மதியம். நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன், அது தானாக நகர்ந்தது. லாரி என்று நினைத்தேன். ஜன்னல்கள் கடகடத்தன. நாங்கள் எல்லாரும் வெளியே ஓடினோம். பூகம்பம் சார் ஒருவர்தான் உள்ளே ஓடினார்.

ஆட்டம் அடங்கியதும் போய்ப் பார்த்தோம். பானைகள் நரம்பைப் பிடித்துக்கொண்டு பத்திரமாக இருந்தன. மாடன் நிமிர்ந்து நின்றார். காலடி மஞ்சள்பொடியில் மட்டும், அவர் நகர்ந்து போய்த் திரும்பி வந்த தடம் விரல் அகலத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது.

செய்தி கேட்டு ஊரே பஸ் ஏறி வந்துவிட்டது. தடத்தைப் பார்த்த அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இந்த வருசம் முன்னாடியே போய்ட்டு வந்துட்டாரு!"

விளக்கம் சொல்லத்தான் சார் வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணாச்சி மாடனுக்குக் கொண்டுவந்த பரிவட்டத்தை எடுத்து, கோயில் மரியாதையாகச் சார் தலையில் கட்டினார். நிலம் ஆடியபோது ஆடாத மனிதருக்கு, நிலம் சும்மா கிடக்கும்போது கைகால் வெடவெடவென்று நடுங்கியது. நான் பக்கத்தில் போய்ப் பிடித்துக்கொண்டேன்.