ஏழே ஏழு சுத்தமான இலைகள்

ஓட்டை பொறுக்காதவர்கள் என்று மனிதரில் ஒரு ரகம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பால்கனியில் ஒரு தொட்டியின் முன்னால், ஒரு கையில் மருந்து தெளிக்கும் பாட்டிலும் நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியுமாகக் குனிந்து நின்று, ஒவ்வோர் இலையாகப் புரட்டிப் புரட்டி அடிப்புறம் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருப்பார்கள். செடி நன்றாகத்தான் இருக்கும். அது இவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

செடி வளர்க்கிற எல்லோரையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள். சாதாரண மனிதர் இலையில் ஓர் ஓட்டையைக் கண்டால், “ஏதோ பூச்சி கடிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஓட்டை பொறுக்காதவருக்கு அன்றைக்கு டீ இறங்காது. யார் கடித்தது? எப்போது? எந்தப் பக்கமாக ஏறி வந்தது? நான் இருக்கும்போதே வந்ததா? செடி மேல் பாசமா என்றால், பாசம்தான். கூடவே கொஞ்சம் மானப் பிரச்சினையும் உண்டு.

நம்மவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அச்சகத்தில் முப்பது வருஷமாகப் பிழை திருத்துகிறவர். தொலைபேசிக் கட்டண ரசீதைக் கூடச் சிவப்புப் பேனாவோடுதான் படிப்பார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களிடமே இரண்டு பிழைகளைச் சுழித்துத் திருப்பிக் கொடுத்தவர். அப்படிப்பட்டவரிடம் ஒரு செடியை ஒப்படைக்கலாமா? ஒப்படைக்கும்படி ஆகிவிட்டது. மகளுக்குப் பிரசவம், மனைவி இரண்டு மாதம் வெளியூர் போக வேண்டியிருந்தது. பால்கனியில் அந்த அம்மாள் விதை போட்டு வளர்த்த எலுமிச்சை. ஆறு வருஷமாகியும் ஒரு பூ விட்டதில்லை.

“ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு ஜக்கு தண்ணி ஊத்துங்க. அவ்வளவுதான். வேற எதுவும் பண்ணிடாதீங்க. இந்த வருஷம் பூக்கும்னு எனக்கு மனசுல படுது.”

“நான் என்ன சின்னக் குழந்தையா?”

“குழந்தைன்னா நான் பயப்படவே மாட்டேனே!”

நான்கு நாள் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினார். ஐந்தாம் நாள் இலை மேல் ஒரு பறவை எச்சம் இருந்தது. சுத்தம் பண்ணலாம் என்று பேனா முனையால் தட்டினார். எச்சம் தலையைத் தூக்கிற்று. தூக்கியதோடு விட்டதா? ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்புகளை நீட்டி, ஒரு நாற்றத்தையும் விட்டது. புழு! நம்மவர் பின்னால் துள்ளிய துள்ளலில் துணிக்கொடி அறுந்து, காய்ந்துகொண்டிருந்த வேட்டி தலையில் விழுந்தது. வேட்டிக்குள்ளிருந்தபடியே போரை அறிவித்தார்.

திங்கட்கிழமை சோப்புத் தண்ணீர் அடித்தார். செவ்வாய்க்கிழமை பூண்டை அரைத்து அடித்தார். புதன்கிழமை யாரோ சொன்னார்கள் என்று மிளகாய்த்தூளைக் கரைத்து அடித்து, காற்று எதிர்ப்பக்கமாக வீச, அன்று முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டு அச்சகத்தில் உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை மூன்றையும் சேர்த்து அடித்தார். பூச்சிக்கு என்ன ஆயிற்றோ தெரியாது, இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. கருகிய இலையும் பிழைதானே?

அதற்கென்று ஒரு நோட்டும் போட்டார். ‘மூன்றாம் கிளை, ஐந்தாம் இலை, இடப்பக்கம் இரண்டு ஓட்டை.’ பிழையைக் கண்டால் அவர் தொழிலில் என்ன செய்வார்கள்? நீக்குவார்கள். நகவெட்டியை எடுத்துக்கொண்டு போய் அந்த இலையை நீக்கினார். அடுத்த இலையை நீக்கினார். நோட்டில் ஒவ்வொன்றாகச் சிவப்புக் கோடு போட்டு அடித்தபோது மனசுக்கு என்ன நிம்மதி!

மனைவியின் அக்கா மகள் ஒரு கல்லூரியில் தாவரவியல் பாடம் எடுக்கிறாள். பெருமை தாங்காமல் அவளுக்குப் போன் போட்டார்.

“புழு எத்தனை இலை தின்னுச்சு சித்தப்பா?”

“பதினொண்ணு.”

“நீங்க எத்தனை வெட்டுனீங்க?”

நம்மவர் நோட்டைத் திறந்து சிவப்புக் கோடுகளை எண்ணிப் பார்த்து, மூடி வைத்தார்.

“அதெல்லாம் பிழையான இலைம்மா.”

“அய்யோ சித்தப்பா! ஓட்டை இலையும் வேலை பாக்கும். அந்த இலைதான் செடிக்குச் சோறு போடுது. கடிபட்டா அது சும்மா இருக்காது. ஒரு வாசனை விடும், அதுக்குக் குளவி தேடி வரும், புழுவை அது பாத்துக்கும். கிளையில தூங்கிட்டு இருக்கிற முளையெல்லாம் முழிச்சுக்கும். நீங்க விட்டாலே போதும்.”

“குளவின்னா... சின்னதா, கறுப்பா, இடுப்பு ஒட்டிப்போய்?”

“அதேதான்! வந்துடுச்சா?”

“வந்துச்சு. அதையும் அடிச்சுட்டேன்.”

ஐந்தாவது வாரக் கடைசியில் எலுமிச்சையில் மிஞ்சியது ஏழே ஏழு இலைகள். ஏழும் சுத்தம். ஓர் ஓட்டை கிடையாது, ஒரு கறை கிடையாது. முப்பது வருஷத்தில் இப்படிப் பிழையே இல்லாத ஒரு பக்கம் அவர் கையிலிருந்து வெளியே போனதில்லை. ஆனால் செடி என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. ஒரு குச்சி நின்றது. அதைப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது. ஆறு வருஷம்! ஒரு பூவுக்காக ஒருத்தி ஆறு வருஷம் காத்திருக்கிறாள், நாம் ஐந்தே வாரத்தில் மொட்டையடித்துவிட்டோமே என்று நிஜமாகவே வருந்தினார்.

அன்றைக்கென்று பார்த்து மனைவி வீடியோவில் வந்தாள். “செடியைக் காட்டுங்க.” நம்மவர் செல்போனை ஒரே ஓர் இலைக்கு அரை விரல் தூரத்தில் பிடித்தார். திரை முழுக்கப் பச்சை.

“அடேயப்பா, என்ன பச்சை!” என்றாள்.

“பின்னே?” என்றார். உடனே அழைப்பைத் துண்டித்தார்.

இவ்வளவுக்குப் பிறகாவது கையைக் கட்டிக்கொண்டு இருந்தாரா? இந்த ரகத்துக்கு வருத்தம் வந்தாலும் கைதான் முதலில் நீளும். அடிபட்ட செடியைக் குளிப்பாட்டினால் தேறும் என்று தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். இடுப்பில் ‘சுளுக்’கென்றது. டாக்டர் மூன்று வாரம் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அக்கா மகள்தான் தினமும் வந்து சாப்பாடு கொடுத்து, செடிக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள். படுக்கையிலிருந்து பார்த்தால் பால்கனிக் கதவு மட்டும்தான் தெரியும்.

“அந்தப் பூண்டுத் தண்ணியை ஒரு தடவை அடிச்சுடும்மா.”

“அடிச்சாச்சு சித்தப்பா,” என்பாள். பாட்டில் அலமாரியில் வைத்தது வைத்தபடி இருந்தது.

மனைவி திரும்பி வந்த அன்று காலையில்தான் நம்மவர் முதல்முறையாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தார். கதவை அவள் திறந்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

“என்னங்க! மொட்டு!”

கண்ணைத் திறந்தார். குச்சியாக நின்ற கிளையிலெல்லாம் கொத்துக் கொத்தாகத் தளிர். அதற்கு நடுவில் ஊதா பூசின மாதிரி நான்கு மொட்டுகள். ஒல்லி இடுப்புக் குளவி ஒன்று தளிரைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. நம்மவருக்கும்தான். ஆனால் கலங்கின கண்ணோடு சும்மா இருப்பாரா?

“ராப்பகலாக் கவனிச்சேன்ல!” என்றார்.

அக்கா மகளுக்கு இருமல் வந்தது. மனைவி ஜன்னல் ஓரத்தில் கிடந்த நோட்டை எடுத்துப் புரட்டினாள். பக்கம் பக்கமாக ஓட்டைகள், சிவப்புக் கோடுகள். கடைசியாக எழுதியிருந்தது, ‘இன்று குளிப்பாட்டல்.’ அதற்கப்புறம் மூன்று வாரத்துக்கு வெறும் பக்கம். அவள் வெறும் பக்கத்தைப் பார்த்தாள், தளிரைப் பார்த்தாள், அவர் இடுப்பைப் பார்த்தாள்.

“உங்க வேலையிலேயே இந்த வெறும் பக்கம்தாங்க ரொம்ப நல்லா வந்திருக்கு.”

அவருக்கு அது காதில் விழவில்லை. மொட்டுக்குப் பக்கத்துத் தளிரில் கடுகளவு ஓர் ஓட்டை. கை தானாக நீண்டது. நோட்டு அந்தக் கை மேல் ‘பட்’டென்று விழுந்தது.

எங்கள் வீட்டில் செடியே இல்லை, நமக்கென்ன என்றுதானே சிரிக்கிறீர்கள்? பிள்ளை இருக்கிறதல்லவா? மருமகள்? உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவர்? அவர்கள் இலையையெல்லாம் தினமும் புரட்டிப் பார்ப்பது யாராம்? சரி சரி, கோபம் வேண்டாம். எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டே வாருங்கள். போகும்போது மட்டும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.