ஆட்டுத்தலை மரியாதை

"இது என்ன, பால்கனியில இறைச்சி வேர்க்குது?"

கேட்டது கம்ஷாத், தோலெகெனின் மனைவி. குளிர்காலத்துக்கென்று வெட்டிப் பங்கு போட்ட குதிரை இறைச்சி முழுவதும் அந்தப் பால்கனியில்தான் இருந்தது. கஜகஸ்தானின் பாவ்லதார் நகரில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். வெளியே அந்தக் குளிர் இருக்கும்போது ஃப்ரிட்ஜ் எதற்கு? பனி விலகும்வரை கல்லாகக் கிடக்க வேண்டிய இறைச்சி, இப்போது கீழ்வீட்டுப் பால்கனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

மூலையில் போர்வைக்கு அடியில் ஏதோ உறுமியது. கம்ஷாத் போர்வையை இழுத்தாள். சூடான காற்று அவள் முகத்தில் அடித்தது.

"பிட்காயின் மெஷின்," என்றான் தோலெகென். "நிக்காம கணக்குப் போடும். விடை சரியா வந்தா காசு விழும். சும்மா ஒரு பொழுதுபோக்குதான்."

"விழுந்துச்சா?"

"இப்பதானே ஆரம்பிச்சிருக்கேன்."

"வீட்டுக்குள்ள இது வேண்டாம். எங்கப்பா கராஜ் சும்மாதானே கிடக்கு, அங்க கொண்டு போ. ஆனா இதால அந்தக் கராஜ் கைவிட்டுப் போச்சுன்னா, நீயும் உன் மெஷினும் ட்ராம் டிப்போலயே படுத்துக்குங்க."

அவள் சொன்னால் செய்வாள். டிப்போவில் மெத்தை கிடையாது என்பது ட்ராம் ஓட்டும் தோலெகெனுக்குத் தெரியும்.

அந்தக் கராஜ்கள் ஆற்றங்கரைச் சரிவில் ஒட்டி ஒட்டி மேலே ஏறிப் போகும் ஒரே வரிசை. மாமனாருடையது அடியில், கடைசி. எல்லாருக்கும் பொதுவான ஒரே மின்சார லைன். லைனுக்கு வம்பு கொண்டுவருகிறவனுக்குக் கராஜ் இல்லை என்பது சங்கத்தின் விதி.

மெஷினோ கரன்ட்டை நிறைய இழுக்கும். அதனால் முதலில் விசாரித்துவிடலாம் என்று தோலெகென் சங்கத் தலைவர் சாபிரிடம் போனான்.

"அண்ணே, இங்க லைன் எவ்வளவு தாங்கும்? மீட்டர் பாக்க யாராவது வருவாங்களா?"

சாபிர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஏன் தம்பி கேக்குறே?"

"சும்மாதான்."

"சும்மா யாரும் மீட்டரப் பத்திக் கேக்க மாட்டாங்களே. எங்க வேலை பாக்குறே?"

ட்ராம் என்று சொன்னால் ட்ராம் ஓட்டுகிறவனுக்கு எதற்கு மீட்டர் கவலை என்று கேட்பார். "நகராட்சில," என்றான். பொய்யில்லை, ட்ராம் நகராட்சியுடையது.

"நல்லது. நல்லதுங்க," என்றார் சாபிர்.

மெஷினைக் கராஜுக்குக் கொண்டுபோய் ஓட விட்டு, கதவைப் பூட்டி, வெளியே சத்தம் கேட்கிறதா என்று பார்த்தான். கேட்டது. பக்கத்துக் கராஜ் கதவில் காதை வைத்தான். அங்கேயும் கேட்டது. அடுத்ததிலும் கேட்டது. மேட்டின் உச்சிவரை ஒவ்வொரு கதவாகக் காதை வைத்துக்கொண்டே போனான். தன் மெஷின் சத்தம் இவ்வளவு தூரம் ஏறி வருகிறதே என்று நினைத்துக்கொண்டான்.

வாட்ச்மேன் கேனாவின் அறை உச்சியில்தான். அவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. உங்களுக்கு ஏதாவது சத்தம் கேக்குதா?"

"இல்லீங்க. எனக்குக் காது மந்தம்," என்றான் கேனா அவசரமாக. முந்தின நாள் எலி ஓடுகிற சத்தத்தைப் பற்றிப் பேசியவன் அவன்தான்.

தோலெகெனுக்குச் சந்தேகம் வந்தது. மோப்பம் பிடித்துவிட்டார்கள்.

மெஷினைச் சுற்றித் தடித்த கம்பளி விரிப்பைக் கட்டினான். சத்தம் அடங்கியது, மெஷினும் மூச்சு முட்டி நின்றுவிட்டது. அடுப்புப் புகைக்குழாய் ஒன்றை வாங்கி, சூட்டைக் கூரைக்கு அடியில் திருப்பி விட்டான். மெஷின் ஓடியது. மறுநாள் ஏணி வைத்துப் பார்த்தால் கூரையில் துளி பனி இல்லை. ஈரமாக, கறுப்பாக, ஆவி பறந்தது. மற்றவர்கள் கூரை எப்படி என்று பார்க்க மேட்டுக்குப் போனால் கேனா நிற்பான்; ஏணியிலிருந்து எட்டிப் பார்க்கவும் வழியில்லை. பக்கத்துக் கராஜின் சுவர் ஆளுயரத்துக்கு மறைத்தது.

திருட்டுத்தனமாக மெஷின் ஓட்டுகிறவர்களைப் பிடிக்க, பனியில்லாத கூரையைத் தேடித்தான் கரன்ட் ஆபீஸில் டிரோன் பறக்க விடுகிறார்களாம் என்று அன்று காலைதான் டிப்போவில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

இந்த ஊரில் எல்லாரும் கூரையிலிருந்து பனியைக் கீழே தள்ளுவார்கள். கீழேயிருந்து கூரைக்குத் தள்ளிய முதல் ஆள் தோலெகென்தான். தள்ளத் தள்ள உருகியது. கடைசியில் பழைய விரிப்புகளையும் பலகைகளையும் கூரையில் பரப்பி, அதன்மேல் கொட்டினான். பனி நின்றது. அழகாக, வெள்ளைவெளேரென்று நின்றது.

அதற்குப் பிறகுதான் நிலைமை மோசமானது. அவன் தலை தெரிந்தாலே பேச்சு நின்றது. "வணக்கம்" என்றால் எழுந்து நின்றார்கள். ஒருநாள் கராஜ் கதவில் குடலில் அடைத்த நல்ல கொழுத்த குதிரை இறைச்சித் துண்டு ஒன்று தொங்கியது. யார் வைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

"பயமுறுத்துறாங்களோ?" என்றான் கம்ஷாத்திடம்.

"இறைச்சியக் காட்டியா பயமுறுத்துவாங்க?"

"என்னை வெட்டிடுவோம்னு அர்த்தமோ என்னமோ."

சாபிர் வந்து அழைத்தார். "ஞாயித்துக்கிழமை என் கராஜுக்கு வாங்க. கொஞ்சம் பேசணும்."

"எதைப் பத்தி அண்ணே?"

"சாப்பிட்டுக்கிட்டே பேசலாங்க."

"கராஜப் புடுங்கப் போறாங்க," என்றாள் கம்ஷாத். "கால்ல கையில விழுந்து வாங்கிட்டு வா. இல்லன்னா வராதே."

போனால், சங்கமே உட்கார்ந்திருந்தது. கார் நிற்கும் இடத்தில் கம்பளம் விரித்து, அவனை நடுவில் உட்கார வைத்தார்கள். சாபிர் பெரிய தட்டைக் கொண்டுவந்து, வேகவைத்த ஆட்டுத்தலையின் முகத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

தோலெகெனுக்கு வேர்த்தது. அந்தத் தலை சம்பந்திக்கு வைப்பது, அதிகாரிக்கு வைப்பது. ட்ராம் ஓட்டுகிறவனுக்கு யாரும் வைத்ததில்லை.

"பெரியவங்க இத்தனை பேர் இருக்கும்போது..."

"நீங்கதான் வெட்டணும்," என்றார் சாபிர். "நாங்கல்லாம் பிள்ளைகுட்டிக்காரங்க. நீங்க மனசு வச்சா..."

கத்தியை அவன் கையில் கொடுத்தார். இதற்குமேல் தாங்காது என்று தோலெகென் அதைக் கீழே போட்டான்.

"நானே சொல்லிடறேன் அண்ணே. என் கராஜ்ல பிட்காயின் மெஷின் ஓடுது. தப்புதான். மெஷின வேணா தூக்கிடறேன், கராஜ மட்டும் எடுத்துக்காதீங்க. மாமனாரோடது."

 சாபிர் தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வரிசை முழுக்க எங்க எல்லார் கூரையும் எங்க மெஷின் சூட்டுல கறுத்துக் கிடக்கு, உன் கூரையில மட்டும் பனி நிக்குது," என்றான் வாட்ச்மேன் கேனா வாயில் ரொட்டியோடு. "கரன்ட் ஆபீஸ் ஆளுன்னு நெனச்சு உனக்கு ஒரு முழு ஆட்ட அறுத்துட்டோமேடா."