மின்னானந்தரின் மகா தகடு

லேக் மார்க்கெட்டில் அந்த வாரம் வாழை இலை வாங்கக்கூட ஆளில்லை. தமிழர்கள் எல்லாம் ஒரு மாடிப்படியில் வரிசை கட்டி நின்றார்கள். மாடியில் ஸ்ரீ மின்னானந்த சுவாமிகள் எழுந்தருளியிருந்தார். கல்கத்தாவில் சித்திரை பிறந்தால் மாலையில் புயல் வரும். புயலோடு லோட்ஷெடிங் என்கிற மின்வெட்டும் வரும். திரும்பி வரும் கரண்ட் ஒரு குதி குதித்து ஃப்ரிட்ஜையும் டிவியையும் சுட்டுவிட்டுப் போகும். அதைத் தடுக்கத்தான் இந்த அவதாரம். நோய், கல்யாணம், குழந்தை எல்லாவற்றையும் பழைய சாமியார்கள் பிடித்துக்கொண்டார்கள். பாவம், இவருக்கு மிஞ்சியது மின்சார இலாகா.

ஆயுத பூஜைக்கு மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் சந்தனப் பொட்டு வைத்துப் பழகிய ஜனங்கள். ஒரு செப்புத் தகட்டை ஒட்டச் சொன்னால் மாட்டேன் என்பார்களா? விதிமுறையும் எளிது. கரண்ட் போனதும் ப்ளக்கைப் பிடுங்க வேண்டும். வந்ததும் நூற்றெட்டு முறை மந்திரம் சொல்ல வேண்டும். அப்புறம்தான் ப்ளக்கை மாட்டலாம். ஒரு சாமானும் கெடவில்லை! தகட்டின் மகிமை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இப்போது சுவாமிகள் மகா தகடு இறக்கியிருந்தார். ப்ளக்கைப் பிடுங்க வேண்டாம், மந்திரமும் வேண்டாம். ஆனால் வீட்டில் ஸ்டெபிலைசர் இருக்கக் கூடாது. தகட்டுக்கும் அதற்கும் ஆகாதாம். அதை இங்கே கொடுத்துவிட்டால் சுவாமிகளே கங்கையில் விட்டுவிடுவார். மெஸ் நடத்தும் சிதம்பரமும் இன்னும் பலரும் போன வாரமே பக்தியோடு கொடுத்துவிட்டார்கள்.

இட்லி மாவு விற்கும் தாயம்மாளும் ஸ்டெபிலைசரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் போனால் மாவு புளிக்கும். மாவு புளித்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. மருமகள் அமலா பின்னாலேயே ஓடி வந்தாள்.

“அத்தை, அதக் குடுத்துட்டா ஃப்ரிட்ஜ் கதி என்ன ஆகும்?”

“வாய மூடுடி. சாமி காதுல விழுது.”

“விழட்டும். சாமி, எங்க வீட்டுத் தகட்ட நான் போன மாசமே பிச்சுக் குப்பையில போட்டுட்டேன்.”

கூட்டம் ‘ஐயோ’ என்றது.

“ப்ளக்க மட்டும் பிடுங்குவேன். மந்திரத்துக்குப் பதிலா ரயில் ஸ்டேஷன் பேரு. ஹவுரா, கரக்பூர், பாலசோர், கட்டக், விஜயவாடான்னு நிதானமா சென்னை வரைக்கும் போய்த் திரும்பி வருவேன். அதுக்குள்ள கரண்ட் ஆடி அடங்கிடும். ஃப்ரிட்ஜ் ஜம்முனு ஓடுது.”

சுவாமிகள் புன்னகைத்தார். “அது சின்னத் தகடு, குழந்தாய். இதோ என் டிவியில் மகா தகடு. நான் ப்ளக்கைத் தொடவே மாட்டேன், பார்.”

சொல்லி வைத்தாற்போல் புயல் வந்தது. ஜன்னல்கள் படபடத்தன, விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் திரும்பியது. டிவியும் பளிச்சென்று வந்தது. “சாமீ!” என்று கூட்டம் தரையில் விழுந்தது.

தாயம்மாள் மட்டும் விழவில்லை. டிவிக்குக் கீழே மஞ்சள் பட்டுக்குள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம். தினமும் சமையலறையில் கேட்கிற சத்தமாயிற்றே!

“இது ஸ்டெபிலைசர் போடுற சத்தம்ல?” என்று பட்டை இழுத்தாள்.

“அட, என் மெஸ் ஸ்டெபிலைசர்!” சிதம்பரம் அலறினார். “சாம்பார்க் கறைகூட அப்படியே இருக்கு. கங்கையில விட்டேன்னீங்களே சாமி?”

“கங்கா மாதா பிரசாதமாகத் திருப்பிக் கொடுத்தாள்” என்றார் சுவாமிகள். அசரவில்லை மனுஷன்.

அமலா டிவியின் ப்ளக்கை ஸ்டெபிலைசரிலிருந்து பிடுங்கினாள். கரண்ட் இன்னும் ஆடி அடங்காமல் விளக்கு மின்னி மின்னி எரிந்துகொண்டிருந்தது. “அதான் மகா தகடு இருக்கே சாமி. நேரா சுவத்துலயே மாட்டிடறேன்.”

“ஐயையோ, வேணாம்மா! எரிஞ்சு போயிடும்! புது டிவி!”

கூட்டத்தில் இருந்த எல்லோரும் ஒரே பாய்ச்சலாக உள்ளறைக்குள் புகுந்து, கங்கையில் நனையாத தங்கள் ஸ்டெபிலைசர்களைத் தேட ஆரம்பித்தார்கள். சுவாமிகள் அந்தச் சந்தடியில் படியிறங்கிக் காணாமல் போனார்.

“வாடி, மாவு புளிச்சிடும்” என்று தாயம்மாள் தன் ஸ்டெபிலைசரோடு நடந்தாள்.

பக்தர்களே, இத்தனை நாள் உங்கள் ஃப்ரிட்ஜைக் காப்பாற்றியது ப்ளக்கைப் பிடுங்கிய உங்கள் கை. அந்தக் கையைக் கூப்பித்தான் தகட்டைக் கும்பிட்டீர்கள். வீட்டுக்குக் கரண்ட் எப்போது வரும் என்று வாசலில் நின்று கேட்கிறீர்களே, மூளைக்கு எப்போது வரும் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா?