மூன்றாவது அழைப்பு

இந்தக் கோடையில் எங்கள் வீட்டு நிலவறையை ஈ காக்கைக்குக்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். பாலைவன நகரமான எங்கள் யஸ்தில் கோடை மதியம் என்றால் வாசலில் வைத்த முட்டை தானாக வேகும். மொட்டைமாடியில் நிற்கும் காற்றுக் கோபுரம் மட்டும் எங்கிருந்தோ காற்றைப் பிடித்து, நேராக நிலவறையில் இறக்கும். அது இறங்குகிற இடத்தில் ஒரு கட்டில். கட்டிலில் நான். நாற்பத்தொன்பது வயதில் எனக்கென்று இருக்கிற ஒரே சுகம் அந்த மூன்று மணி நேரத் தூக்கம்தான்.

அதற்குத்தான் வேட்டு வைத்தாள் என் மனைவி ஃபரங்கீஸ்.

"ஏங்க, ரஷ்த்துல இருக்கற என் தம்பி பெஹ்ரூஸ் நம்ம ஊரைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசைப்படறான். ஒரு வார்த்தை கூப்பிடுங்களேன்."

"இந்த வெயில்லயா? வருஷம் பூரா மழை பெய்யற ஊர்க்காரன். இங்க வந்தா கருவாடு ஆயிடுவான்."

"கூப்பிடலைன்னா என் பொறந்த வீட்ல உங்களைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"இப்ப என்ன நினைக்கறாங்க?"

"அதை வேற நான் சொல்லணுமா?"

எங்கள் மக்களின் மரியாதைக்கு ஒரு கணக்கு உண்டு. வீட்டுக்கு வா என்றதும் சரி என்பவன் பறக்காவெட்டி. ஒருமுறை மறுக்க வேண்டும். இரண்டாம் முறையும் மறுக்க வேண்டும். மூன்றாவது தடவையும் அழைத்தால்தான் உண்மையாகவே அழைக்கிறார்கள் என்று அர்த்தம். ஆக, நான் இரண்டே தடவை அழைப்பேன். அவன் இரண்டு தடவையும் மறுப்பான். மரியாதையும் பிழைக்கும், கட்டிலும் பிழைக்கும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் ஃபரங்கீஸ் எதிரே உட்கார்ந்து பாதாம் உரிக்க, நான் போன் போட்டேன்.

"என்ன மச்சான், எங்க ஊர்ப்பக்கம் வந்துட்டுப் போகக்கூடாதா?"

"உங்களுக்கு எதுக்கு அத்தான் சிரமம்?"

நல்ல வளர்ப்பு. அடுத்த அழைப்பில் கொஞ்சம் மிளகாயும் தூவினேன்.

"வெயில்தான் நாப்பத்தி நாலு டிகிரி. ஒரு பொட்டு மழை கிடையாது. உதடெல்லாம் வெடிக்கும். ஆனாலும் நீ வரத்தான் வேணும்."

மறுப்புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"சரி அத்தான், வர்றோம்."

கையிலிருந்த தேநீர் மடியில் கவிழ்ந்தது. சுட்டதுகூட உறைக்கவில்லை. ரெண்டு தடவைதானேடா கூப்பிட்டேன் என்று கேட்க முடியுமா?

"ஒரு பொட்டு மழை இல்லாத ஊரு எங்களுக்குச் சொர்க்கம் அத்தான். இங்க துவைச்ச துணி நாலு நாளானாலும் காயறதில்ல. சுவரெல்லாம் பாசி. மேகமில்லாத வானத்தை ஒருநாள் பார்த்தாப் போதும்னு என் வீட்டுக்காரி மஹின் புலம்பிக்கிட்டே இருக்கா. அப்புறம் அந்தக் காத்துக் கோபுரத்துக்குக் கீழ ஒரு தூக்கம் போடணும். அக்கா காலைல உங்க சார்பா கூப்பிட்டப்பக்கூட வேண்டாம்னுதான் சொன்னேன். நீங்க விடலையே."

போனை வைத்தேன்.

"காலைலயே கூப்பிட்டியா?"

"உங்களுக்குச் சிரமம் வேண்டாமேன்னு ஒரு தடவையைக் குறைச்சு வச்சேன்" என்றாள், பாதாமிலிருந்து தலை நிமிராமல்.

வந்துவிட்டார்கள். அவன் பெண்டாட்டி மஹின் இரண்டு மூட்டை ஈரப் போர்வைகளோடு வந்து மொட்டைமாடியில் விரித்தாள். பத்து நிமிடத்தில் காய்ந்ததைப் பார்த்துக் கண்ணீர் விட்டாள். அந்தக் கண்ணீரும் உடனே காய்ந்தது.

வீட்டின் நல்ல இடம் விருந்தாளிக்கு. மதியம் என் கட்டிலில் பெஹ்ரூஸ். கீழே கம்பளத்தில் பெண்கள் இருவரும். மேலே கூடத்தில் அனலை வாரி இறைக்கும் மின்விசிறிக்கடியில் நான்.

நிலவறைப் படியிலிருந்து ஃபரங்கீஸ் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, கீழ வந்து படுங்க. ஒரு ஆள் இடம் இருக்கு."

மச்சான் முன்னால் விழுந்தடித்துக்கொண்டு ஓடினால் என் மானம் என்னாவது?

"பரவால்ல, நீங்க சௌகரியமா இருங்க."

"அட வாங்க. ஜில்லுனு பலூடா வேற எடுத்து வச்சிருக்கேன்."

எச்சில் ஊறியது. ஆனால் இரண்டாவதையும் மறுத்தாக வேண்டுமே.

"எனக்கெதுக்கு? இங்கயே நல்லாத்தான் இருக்கு."

தலையணையைக் கக்கத்தில் இடுக்கி, ஒரு காலை முதல் படியில் வைத்து, மூன்றாவது அழைப்புக்குத் தயாராக நின்றேன்.

கீழே பெஹ்ரூஸ் கேட்டான். "அக்கா, அத்தானை இன்னொரு தடவை கூப்பிடேன்."

"வேண்டாம்டா. உங்க அத்தான் எப்பவும் ரெண்டோட நிறுத்திக்கறவர்" என்று சொல்லி, ஃபரங்கீஸ் கதவைச் சாத்தினாள்.