புட்டிங்குக்கும் கிரேவிக்கும் ஒரு வீடு தேவை

"ஒண்ணு அதுங்க போகணும், இல்லன்னா நான் போகணும்" என்று மனைவி மேவிஸ் சொன்னாள். எர்னி பிக்கர்ஸ்கில் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். யோசித்தார். அதுதான் முதல் தப்பு.

'அதுங்க' என்பது புட்டிங், கிரேவி என்ற இரண்டு ஃபெரட்கள். பார்க்கக் கீரிப்பிள்ளைக்குப் பங்காளி மாதிரி இருக்கும். நீள உடம்பு, துறுதுறு மூக்கு, தெருக்கோடி வரை அடிக்கும் நாற்றம். வளைக்குள் விட்டால் முயல் அலறியடித்து வெளியே ஓடிவந்து வலையில் விழும். யார்க்ஷயர் சீமையில் கொட்டகை வைத்திருக்கிற ஆண்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடையாது.

எர்னி ஆயுசு முழுக்க பஸ் ஓட்டிவிட்டுப் போன மாசம்தான் ஓய்வு பெற்றார். ஓய்வு அவருக்கு, மேவிஸுக்கு இல்லை. காலையில் சமையலறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், உருளைக்கிழங்கை எப்படிச் சீவுவது என்று அவளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். அந்தப் பாடத்துக்கும் இந்த மிரட்டலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"நாத்தம் குடலைப் புடுங்குது எர்னி."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்கு எப்படித் தெரியும்? மூணு பேருக்கும் ஒரே வாசனை. நல்ல வீடா நானே பாக்கறேன்."

"பாரேன். நானா வேண்டாங்கறேன்?"

அவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததற்குக் காரணம், வருகிறவர்களை எல்லாம் விரட்டிவிடுவது என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்ததுதான். கொடுப்பதற்கா குட்டியிலிருந்து வளர்த்தார்? கிரேவிக்கு அவர் சட்டைக் கைக்குள் புகுந்தால்தான் தூக்கமே வரும்.

முதலில் ஒரு புதுமணத் தம்பதி வந்தது.

"பயந்தா ஒரு நாத்தம் விடும் பாருங்க," என்றார் எர்னி ரொம்ப அக்கறையாக. "அப்புறம் திரைச்சீலையைத் துவைக்க முடியாது. கொளுத்தத்தான் வேணும்."

பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். பையன் பின்னாலேயே போனான்.

அடுத்து வந்தவர் புதுப் பாதிரியார்.

"சாக்ஸைத் திருடும் சாமி. ஒளிச்சும் வைக்கும்."

"பரவாயில்லை, சின்னப் பிராணிதானே."

"போன கிறிஸ்துமஸுக்கு எதிர்வீட்டு அம்மாவோட உள்பாடியைக் கொண்டுவந்துடுச்சு. உங்க வீட்டுக் கட்டில்ல அப்படி ஒண்ணு கிடந்தா, ஊர் என்ன பேசும்?"

பாதிரியார் தேநீரைக்கூடக் குடித்து முடிக்கவில்லை. மேவிஸ் தலை நிமிராமல் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு அதைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? எர்னி சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மலைமேல் பண்ணையிலிருந்து மிஸஸ் சக்டன் வந்தாள். ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அவள் முட்டைக்கோஸ் பாத்தி முழுவதையும் முயல்கள் தின்று தீர்த்திருந்தன.

"நாத்தம் அடிக்கும்," என்றார் எர்னி.

"நான் பன்னி வளக்கறவ."

"சாக்ஸ் திருடும்."

"நான் சாக்ஸே போடறதில்ல." சொல்லிக்கொண்டே கிரேவியைக் கழுத்தோடு லாவகமாகத் தூக்கினாள். பழகின கை. போய்விட்டது, இந்தத் தடவை போயே விட்டது என்று எர்னி நிஜமாகவே பயந்தார். கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"எடுத்துட்டுப் போங்க. ஆனா வளைக்குள்ள விட்டா நீங்க கூப்பிட்டு வெளிய வராது. என் சீட்டிக்கு மட்டும்தான் வரும்."

இரண்டையும் அலமாரிக்கு அடியில் விட்டார். மிஸஸ் சக்டன் கூப்பிட்டாள். ஈரலைக் காட்டினாள். தரையைத் தட்டினாள். ஒன்றும் அசையவில்லை. மேவிஸும் கூப்பிட்டுப் பார்த்தாள். எர்னி உதட்டைக் குவித்து ஒரே ஒரு சீட்டி. இரண்டு மூக்கு எட்டிப் பார்த்தது.

"பாத்தீங்களா? நான் இல்லாம அதுங்க சல்லிக்காசு பெறாது!"

"நீ சொன்ன மாதிரியேதான் இருக்கு மேவிஸ்," என்றாள் மிஸஸ் சக்டன்.

"நான் பொய் சொல்வேனா?"

"அப்ப மூணையும் எடுத்துக்கறேன்."

எர்னி அலமாரிக்கு அடியில் குனிந்து பார்த்தார். "மூணாவது எங்க இருக்கு?"

மேவிஸ் பின்னல் ஊசியை எர்னி பக்கம் நீட்டிக்கொண்டே மிஸஸ் சக்டனிடம் சொன்னாள். "விடிஞ்சதும் கூட்டிட்டுப் போ. பொழுது சாஞ்சதும் கொண்டுவந்து விட்டுடு. ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு."

"மேவிஸ்! நாத்தம் தாங்கலன்னு சொன்னியே!"

"பாவம், அதுங்க பாட்டுக்குக் கொட்டகையில கெடக்குதுங்க. எனக்குக் கிழங்கு சீவக் கத்துக்கொடுத்தது அதுங்களா?"

"நான் போகமாட்டேன்னா?"

"அதுங்க மட்டும் போகும். சீட்டி அடிக்க ஆள் இல்லாம வளைக்குள்ளயே உக்காந்துக்கும். நீதானே சொன்ன?"

கிரேவி அதற்குள் அவர் சட்டைக் கைக்குள் சுருண்டு தூங்கிப்போயிருந்தது. எர்னி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மிஸஸ் சக்டன் சந்தையில் மாடு பிடிக்கிறவள் மாதிரி அவரைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு மேவிஸிடம் கேட்டாள்.

"கடிக்குமா?"

"கடிக்காது," என்றாள் மேவிஸ். "பேசும்."