அப்பாவின் முதுகில் அச்சான கட்டுரை

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் பணிவுடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். அப்பாவுக்குத் தும்மல் மட்டும் இன்னும் நிற்கவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். மோட்டார் சைக்கிளில் வெயிலைச் சமாளிப்பது எப்படி என்று நான்கு பக்கம் எழுதி அனுப்பிவிட்டு, ஏசி காரில் போகிறவருக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது?

போன வாரம் அப்பா வெயிலில் வண்டி ஓட்டி வந்து தலைசுற்றி உட்கார்ந்ததும், "என் தம்பி பத்து வருஷம் வண்டியில ஊர் ஊராச் சுத்தினவன், அவனைக் கேளுங்க" என்று அம்மாதான் ஆரம்பித்து வைத்தாள். உங்கள் யோசனைகளைக் குறை சொல்ல நான் யார்? உடம்பை வெயிலுக்குக் காட்டாதே, முழுக்கைச் சட்டை போடு என்றீர்கள். பனியனை நனைத்துப் போட்டுக்கொள், காற்றுப் பட்டால் குளிரும் என்றீர்கள். காற்றிரைச்சல் களைப்பூட்டும், காதில் பஞ்சு வை என்றீர்கள். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடி என்றீர்கள். அப்பா தன் வாழ்நாளில் உங்கள் பேச்சைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அதற்கு அவர் தேர்ந்தெடுத்த நாள், என் கட்டுரைப் போட்டி நாள்.

தலைப்பு 'காற்றின் பயன்கள்'. வீட்டிலேயே மைப்பேனாவால் ஒரு பக்கம் எழுதி, காலை பத்து மணிக்குள் பள்ளியில் நேரில் கொடுக்க வேண்டும். ஐந்து முறை எழுதிக் கிழித்து, ஆறாவது முறை எழுதியது மாமா! பனியனுக்கே இவ்வளவு குளிர்ச்சி என்றால் சட்டைக்கு எவ்வளவு என்று யோசித்த அப்பா, வெள்ளைச் சட்டையையும் வாளியில் முக்கிப் போட்டுக்கொண்டார். வழியில் நான்கு முறை நிறுத்தி இரண்டு பாட்டில் தண்ணீரைக் காலி செய்தார், அதில் நேரமாகிவிட்டதால் வண்டியை விரட்டினார், காற்று உடனே தன் பயனைக் காட்டியது: பையில் வைத்தால் மடங்கும் என்று பின்சீட்டில் நான் கையில் வைத்திருந்த தாளைப் பிடுங்கப் பார்த்தது. சட்டென்று அதை அப்பாவின் முதுகோடு வைத்து நெஞ்சால் அழுத்திக்கொண்டேன். அழுத்திய பிறகுதான் அது ஈர முதுகு என்பது உறைத்தது. "அப்பா, நிறுத்துங்க! கட்டுரை நனையுது!" என்று கத்தினேன். பஞ்சுக்குள்ளிருந்து பதில் வந்தது: "ஆமாம்மா, பிரமாதமா இருக்கு!"

போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது நாற்பது. வாசலிலேயே தாளை வாங்கிப் பார்த்த ஆசிரியை, "இது என்னம்மா, கட்டுரையா, குளமா?" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் அப்பா ஸ்டாண்டு போடக் குனிந்தார். ஆசிரியை மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"சார், அப்படியே நில்லுங்க. உங்க முதுகுல தலைப்பெல்லாம் தெரியுது."

ஆமாம் மாமா, கட்டுரை முழுவதும் அப்பாவின் சட்டையில் இடம் வலமாகத் திரும்பிப் பதிந்திருந்தது. "வண்டிக் கண்ணாடியில பாத்தா நேராத் தெரியும். சீக்கிரம் பாத்து எழுது" என்று புதுத் தாள் கொடுத்தார் அந்தப் புண்ணியவதி. அப்பா கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றார். நின்றாரா? நான் "அசையாதீங்க" என்னும்போதெல்லாம் "என்ன?" என்று திரும்பினார், வரி தப்பியது. பஞ்சை எடுத்தால், வழியில் குடித்த தண்ணீர் வேலையைக் காட்டியது. காலை மாற்றி மாற்றி நின்றார்.

"இன்னும் எத்தனை வரிம்மா?"

"ஏழு."

"ஏழா! காத்துக்கு அவ்வளவா பயன் இருக்கு? கொஞ்சம் சுருக்கேன்!"

கடைசி இரண்டு வரி பெல்ட்டின் மேல் பட்டதால் பதியவே இல்லை. வாயில் வந்ததை எழுதிக் கொடுத்தபோது பத்துக்கு ஒரு நிமிடம். திரும்பிப் பார்த்தேன், அப்பாவைக் காணோம். எந்தப் பக்கம் ஓடியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே மாமா, இனி யோசனை ஏதும் தோன்றினால் தயவுசெய்து தூங்கி எழுந்து பாருங்கள், போய்விடும். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் காரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் யோசனைகளிலிருந்து பிழைத்து வந்த மருமகள்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் முடிவு வந்துவிட்டது. இரண்டாம் பரிசு! "நனைந்த சட்டையும் எதிர்க்காற்றும் சேர்ந்தால் வெயிலும் தோற்கும், என் தந்தையே சாட்சி" என்ற கடைசி இரண்டு வரிக்காகத்தானாம். இன்னொன்று, அம்மாவிடம் சொல்லாதீர்கள். அன்று திரும்பும்போது அப்பாவின் சட்டை காய்ந்துவிட்டது, வெயில் கொளுத்தியது. வழியில் ஒரு குழாயில் இருவருமே சட்டையை நனைத்துக்கொண்டோம். பிரமாதமாகத்தான் இருந்தது மாமா. இன்ஜின் சூட்டில் என் கணுக்கால் எரிகிறது. அதற்கு என்ன செய்யலாம் என்று உடனே எழுதவும். நான்கு பக்கமானாலும் பரவாயில்லை.